அலுவலக மென்பொருளில் தேடலுக்கான குறுக்குவிசைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆவணத்தில் ஒரு சொல்லைத் தேட கண்ட்ரோல்+எஃப் அழுத்த வேண்டும் என்பது கணினியைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தேடலில் அந்த விசைகளை ஒரே ஒரு முறைதான் அழுத்துகிறோம். நூறு பக்க அறிக்கையில் அந்தச் சொல் நாற்பது இடங்களில் வந்தால், அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று நகரும் வேலையை நாற்பது முறை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு என்ன விசை என்று கேட்டால் பலரும் சுட்டியைத்தான் காட்டுவார்கள். ஆகவே தேடலுக்கான குறுக்குவிசைகளை ஒழுங்குபடுத்த விரும்புபவர், தேடல் பெட்டியைத் திறக்கும் விசையை விட்டுவிட்டு, கண்டுபிடித்தவற்றுக்கிடையே முன்னும் பின்னும் செல்லும் விசைகளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

இது புதிய யோசனையும் அன்று. 1978-இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் மென்பொருளில் தேடலைத் தொடங்க கண்ட்ரோல்+கியூ அழுத்தி, பிறகு எஃப் அழுத்த வேண்டும்; அதே தேடலை மீண்டும் நிகழ்த்த கண்ட்ரோல்+எல் என்ற ஒரே அழுத்தம் போதும். அரிதாகச் செய்வதற்கு இரண்டு அழுத்தம், அடிக்கடி செய்வதற்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு பின்னால் வந்த மென்பொருள்கள் பலவற்றில் கலைந்துபோயிற்று.

படி 1: தேடல் என்று நீங்கள் சொல்வது எது என்று பிரித்துப் பாருங்கள்

ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும், அலுவலக மென்பொருளில் தேடல் என்பது பல வேலைகளின் தொகுப்பு. சொல்லைத் தேடுதல், அடுத்த இடத்துக்கும் முந்தைய இடத்துக்கும் செல்லுதல், ஒன்றை இன்னொன்றாக மாற்றுதல், வடிவமைப்பு அல்லது முழுச்சொல் போன்ற நிபந்தனைகளோடு தேடும் விரிவான தேடல், குறிப்பிட்ட பக்கத்துக்கோ கலத்துக்கோ தாவுதல், மென்பொருளின் கட்டளைகளுக்குள்ளேயே தேடுதல், அஞ்சல் பெட்டி முழுவதிலும் தேடுதல் என்று அவற்றை அடுக்கலாம். இவை அனைத்துக்கும் விசை ஒதுக்க முயன்றால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு வாரம் உங்கள் வேலையைக் கவனித்து, எவற்றை நாள்தோறும் செய்கிறீர்கள், எவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கை சுட்டிக்குப் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பட்டியல் மூன்று நான்கு வரிகளைத் தாண்டாது.

படி 2: ஏற்கெனவே இருக்கும் விசைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிய விசையை உருவாக்கும் முன், இருப்பதை அறியாமல் இருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் கண்ட்ரோல்+எஃப் அழுத்தினால், 2010 பதிப்பிலிருந்து, இடப்பக்கத்தில் நேவிகேஷன் பேன் திறக்கிறது. கண்ட்ரோல்+ஹெச் மாற்றுவதற்கும், கண்ட்ரோல்+ஜி அல்லது எஃப்5 தாவுவதற்கும் உரியவை. தேடி முடித்து எஸ்கேப் விசையால் ஆவணத்துக்குத் திரும்பிய பிறகு, கண்ட்ரோல்+பேஜ் டவுன் அடுத்த இடத்துக்கும் கண்ட்ரோல்+பேஜ் அப் முந்தைய இடத்துக்கும் அழைத்துச் செல்லும். தேடல் எதுவும் செய்யாத நிலையில் இதே விசைகள் பக்கம் பக்கமாக நகர்த்தும் என்பதால், இவற்றுக்கு இப்படி ஒரு பயன் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஷிஃப்ட்+எஃப்4 கடைசித் தேடலை மீண்டும் நிகழ்த்தும்.

எக்செலிலும் கண்ட்ரோல்+எஃப், கண்ட்ரோல்+ஹெச், கண்ட்ரோல்+ஜி ஆகியவை அதே பொருளில்தான் இயங்குகின்றன. ஷிஃப்ட்+எஃப்4 அடுத்ததைக் காட்டும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்4 முந்தையதைக் காட்டும். தேடல் பெட்டியில் ‘ஃபைண்ட் ஆல்’ பொத்தானை அழுத்தி, கீழே விரியும் பட்டியலில் இருந்தபடியே கண்ட்ரோல்+ஏ கொடுத்தால், கிடைத்த கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வாகும். நிறம் பூசவோ ஒட்டுமொத்தமாக நீக்கவோ இதைவிட விரைவான வழி இல்லை.

சிக்கல் தொடங்குவது அவுட்லுக்கில்தான். அங்கே கண்ட்ரோல்+எஃப் அஞ்சலை வேறொருவருக்கு முன்னனுப்பும் விசை. மைக்ரோசாஃப்டின் நெடுநாள் பொறியாளர் ரேமண்ட் சென் இதன் பின்னணியை எழுதியிருக்கிறார்: 1995 வாக்கில் அந்த நிறுவனத்தின் அஞ்சல் மென்பொருளில் இந்த விசை தேடலுக்குத்தான் இருந்தது, தாம் முன்பு பயன்படுத்திய அஞ்சல் மென்பொருளின் பழக்கத்தில், அது முன்னனுப்ப வேண்டும் என்று சோதனைப் பயனர் ஒருவர் கேட்டார், அந்தப் பயனர் பில் கேட்ஸ். ஒருவரது விரல் பழக்கம் பிறகு எல்லோருக்குமான விதியாயிற்று. அவுட்லுக்கில் அஞ்சல் பெட்டியைத் தேட கண்ட்ரோல்+ஈ அல்லது எஃப்3, திறந்திருக்கும் ஓர் அஞ்சலுக்குள் தேட எஃப்4, விரிவான தேடலுக்குக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லிப்ரே ஆஃபீஸில் கண்ட்ரோல்+எஃப் திரையின் அடியில் சிறு தேடல் பட்டையைத் திறக்கும். அதில் என்டர் அடுத்ததற்கும் ஷிஃப்ட்+என்டர் முந்தையதற்கும் செல்லும். கண்ட்ரோல்+ஹெச் முழுமையான தேடி மாற்றும் பெட்டி. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் கடைசியாகத் தேடிய சொல்லை மறுபடி தேடும். கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல்+ஜி அடுத்ததற்கும், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி முந்தையதற்கும் உள்ளன. மேக் கணினிகளில் கமாண்ட்+ஜி, கமாண்ட்+ஷிஃப்ட்+ஜி என்ற இணை பெரும்பாலான செயலிகளில் ஒரே பொருளில் இயங்குகிறது. அங்கே கமாண்ட்+ஹெச் செயலியை மறைக்கும் விசை என்பதால், விண்டோஸ் பழக்கத்தில் மாற்றும் பெட்டியை எதிர்பார்த்து அதை அழுத்துபவர், சாளரமே காணாமல் போனதைக் கண்டு திகைப்பதுண்டு.

கட்டளைகளைத் தேடும் விசையையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேர்டு, எக்செல் ஆகியவற்றில் ஆல்ட்+கியூ. கூகுள் டாக்ஸில் ஆல்ட்+சாய்கோடு. லிப்ரே ஆஃபீஸில் 7.2 பதிப்பிலிருந்து ஷிஃப்ட்+எஸ்கேப். எப்போதாவது தேவைப்படும் கட்டளைக்குத் தனி விசை ஒதுக்குவதைவிட, இந்தப் பெட்டியில் அதன் பெயரைத் தட்டுவது எளிது.

படி 3: எந்த விசை தகும் என்று எடைபோடுங்கள்

ஒரு விசைச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது இப்போது என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை நான் இழக்கலாமா என்பதே. காலியான விசை கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது, வேறு விசையாலும் செய்யக்கூடிய வேலையைத் தாங்கிநிற்கும் விசையைத் தேடுங்கள். வேர்டில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் எழுத்துருப் பெட்டியைத் திறக்கும். கண்ட்ரோல்+டி-யும் அதையேதான் செய்கிறது. ஆகவே முன்னதைத் தேடலுக்கு எடுத்துக்கொண்டால் உங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. அவுட்லுக்கில் அதே விசை விரிவான தேடலைத் திறப்பதால், இரண்டு மென்பொருள்களுக்கும் ஒரே பழக்கம் அமையும் என்பது கூடுதல் ஆதாயம்.

இரண்டாவதாக, முன்னும் பின்னும் செல்லும் விசைகள் இணையாக இருக்க வேண்டும்; திசையை மாற்றுவது ஷிஃப்ட் விசையாக இருக்க வேண்டும். டேப், ஷிஃப்ட்+டேப் என்று கைகள் ஏற்கெனவே பழகிவிட்ட முறை அது. விண்டோஸ் நோட்பேடிலும் உலாவிகளிலும் எஃப்3, ஷிஃப்ட்+எஃப்3 என்ற இணை இதே முறையில் இருக்கிறது. ஆனால் வேர்டில் ஷிஃப்ட்+எஃப்3 ஆங்கில எழுத்துகளைப் பெரியதாகவும் சிறியதாகவும் மாற்றும் விசை. எஃப்3 தானியங்கு உரையை, அதாவது முன்பே சேமித்து வைத்த சொற்றொடரை, செருகும் விசை. பெரும்பாலும் தமிழிலேயே ஆவணம் எழுதுபவருக்கு ஷிஃப்ட்+எஃப்3-ஆல் பயனே இல்லை. நம் எழுத்தில் அந்த வேறுபாடு கிடையாது. தானியங்கு உரையையும் பயன்படுத்தாதவர் என்றால், இந்த இரு விசைகளையும் தயங்காமல் தேடலுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத் தலைப்புகளை நாள்தோறும் திருத்துபவர் அவற்றைத் தொடாமல், கண்ட்ரோல்+பேஜ் டவுன், பேஜ் அப் இணையையே பழகிக்கொள்வது மேல்.

மூன்றாவது கேள்வி, விரல் தவறினால் என்ன ஆகும் என்பது. ஷிஃப்ட்+எஃப்4 வேர்டு, எக்செல் இரண்டிலும் பொதுவாக இருப்பது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் விரல் ஒரு விசை தள்ளிப் பட்டால், கண்ட்ரோல்+எஃப்4 ஆவணத்தையும் ஆல்ட்+எஃப்4 மென்பொருளையும் மூட முனையும். சேமிக்காத மாற்றம் இருந்தால் எச்சரிக்கை வரும் என்றாலும், நாற்பது முறை அழுத்தப்போகும் விசைக்கு இப்படிப்பட்ட அண்டைவீட்டார் வேண்டாம். இதே காரணத்தால், அனைத்தையும் மாற்றும் கட்டளைக்குத் தனி விசை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேர்டின் மாற்றும் பெட்டிக்குள் ஆல்ட்+ஏ அழுத்தினாலே அது நிகழும். அதற்கு முன் பெட்டியைத் திறந்து இரு சொற்களையும் கண்ணால் பார்க்கும் அந்தத் தாமதம் தேவையானது.

தவிர்க்க வேண்டியவை சிலவும் உண்டு. விண்டோஸ் விசையோடு சேரும் சேர்க்கைகள் இயங்குதளத்துக்கு உரியவை. ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை மட்டும் சேர்த்தால் பட்டிகளோடு மோதும். கண்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கையைப் பல விசைப்பலகைத் தளவமைப்புகள், கூடுதல் எழுத்துகளைத் தட்ட உதவும் ஆல்ட்ஜிஆர் விசையாகக் கருதுவதால், குறுக்குவிசைக்குப் பதிலாக ஏதாவது ஓர் எழுத்து திரையில் விழலாம். இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்பவர்கள், ஆல்ட்+ஷிஃப்ட் அல்லது கண்ட்ரோல்+ஷிஃப்ட் தங்கள் கணினியில் விசைப்பலகை மொழியை மாற்றும்படி அமைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியில் எஃப் வரிசை விசைகள் ஒலியையும் வெளிச்சத்தையும் கட்டுப்படுத்துபவையாக இருந்தால், எஃப்என் விசையைப் பூட்டி அவற்றை இயல்பு நிலைக்குக் கொண்டுவராமல் எஃப்3-ஐத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

கண்ட்ரோல்+எஃப்-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேறு வேலைக்கு மாற்றாதீர்கள். இன்னொருவர் கணினியில் நீங்கள் உட்காரும்போதும், உங்கள் கணினியில் இன்னொருவர் உட்காரும்போதும் கைகொடுக்கும் ஒரே விசை அதுதான்.

படி 4: வேர்டில் விசையை ஒதுக்குதல்

ஃபைல் பட்டியில் ஆப்ஷன்ஸ் சென்று, கஸ்டமைஸ் ரிப்பன் பக்கத்தைத் திறங்கள். அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற சொல்லின் அருகில் கஸ்டமைஸ் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பெட்டியில் இடப்பக்கம் வகைகளும் வலப்பக்கம் கட்டளைகளும் உள்ளன. வகைகளின் பட்டியலில் கீழே இறங்கி ஆல் கமாண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கட்டளைகளும் அகர வரிசையில் வரும்.

இங்கே கட்டளைகள் அவற்றின் உள்பெயர்களில்தான் காட்டப்படுகின்றன. அடுத்ததற்குச் செல்வது ‘பிரவுஸ்நெக்ஸ்ட்’, முந்தையதற்குச் செல்வது ‘பிரவுஸ்பிரெவ்’, கடைசித் தேடலை அதே திசையில் மீண்டும் நிகழ்த்துவது ‘ரிபீட்ஃபைண்ட்’. கண்ட்ரோல்+எஃப் இப்போது திறக்கும் பக்கவாட்டுத் தேடலின் பெயர் ‘நாவ்பேன்சர்ச்’. பழைய உரையாடல் பெட்டியின் பெயர் ‘எடிட்ஃபைண்ட்’. எல்லாம் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். நிபந்தனைகளோடு தேடுபவர்களுக்கு எடிட்ஃபைண்ட் நேரடியாகத் திறப்பது பெரிய வசதி.

‘பிரவுஸ்நெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய குறுக்குவிசைக்கான பெட்டியில் சொடுக்கி, எஃப்3-ஐ அழுத்துங்கள். விசையின் பெயரை எழுத்தாகத் தட்டக்கூடாது. விசையையே அழுத்த வேண்டும். உடனே அந்தப் பெட்டியின் கீழே ‘கரன்ட்லி அசைன்ட் டு’ என்ற வரியில், அந்த விசை இப்போது யாருக்கு உரியது என்று தெரியும். இந்த வழிகாட்டியின் மூன்றாம் படியை வேர்டே உங்களுக்காகச் செய்துகாட்டும் இடம் இது. இதைப் படிக்காமல் அசைன் பொத்தானை அழுத்தாதீர்கள். சோதனைக்காகக் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப் கொடுத்துப் பாருங்கள்: தேடலுக்குப் பொருத்தமாகத் தோன்றும் அந்தச் சேர்க்கை, அடிக்குறிப்பைச் செருகும் கட்டளைக்கு உரியது என்று அந்த வரி சொல்லும். ஆய்வேடு எழுதுபவர் அதைப் பறிகொடுத்தால், காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தவிப்பார். அழுத்தியது பிடிக்கவில்லை என்றால் பேக்ஸ்பேஸ் கொண்டு அழித்து வேறொன்றை முயலலாம்.

‘சேவ் சேஞ்சஸ் இன்’ என்ற இடத்தில், ஆவணங்களுக்கெல்லாம் அடிப்படையான நார்மல் வார்ப்புரு தேர்வாகியிருந்தால், மாற்றம் உங்கள் எல்லா ஆவணங்களுக்கும் பொருந்தும்; திறந்திருக்கும் ஆவணத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் மட்டும் நிற்கும். தேடல் விசைகளுக்கு முன்னதே பொருத்தம். அசைன் அழுத்திய பின் ‘பிரவுஸ்பிரெவ்’ கட்டளைக்கு ஷிஃப்ட்+எஃப்3, ‘எடிட்ஃபைண்ட்’ கட்டளைக்குக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் என்று தொடருங்கள். வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றினால், அதே பெட்டியில் உள்ள ரீசெட் ஆல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் வேறு காரணங்களுக்காக நீங்கள் முன்பு ஒதுக்கிய விசைகளும் அதோடு போய்விடும்.

படி 5: லிப்ரே ஆஃபீஸில்

டூல்ஸ் பட்டியில் கஸ்டமைஸ் சென்று கீபோர்டு தாவலைத் திறங்கள். மேலே விசைகளின் நீண்ட பட்டியலும், அவற்றின் எதிரே இப்போதைய வேலையும் காணப்படும். எது காலியாக இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிவதால், இந்த விஷயத்தில் வேர்டைவிட இது வசதி. சாம்பல் நிறத்தில் இருப்பவற்றை மாற்ற முடியாது. வலப்பக்கத்தில் லிப்ரே ஆஃபீஸ் முழுமைக்குமா, ரைட்டர் அல்லது கால்க் என்ற ஒரு பகுதிக்கு மட்டுமா என்ற தேர்வு இருக்கிறது. ஒரே விசைக்கு இரண்டு நிலைகளிலும் வேலை ஒதுக்கப்பட்டிருந்தால், அந்தந்தப் பகுதியின் ஒதுக்கீடே வெல்லும். முழுமைக்கும் ஒதுக்கிய விசை ரைட்டரில் மட்டும் வேலை செய்யவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரைட்டரிலும் எஃப்3 தானியங்கு உரைக்கும், ஷிஃப்ட்+எஃப்3 எழுத்து வடிவை மாற்றவும் உரியவை என்பதால், வேர்டில் எடுத்த முடிவையே இங்கும் எடுக்கலாம்.

படி 6: விசையை மாற்ற இடம் தராத மென்பொருள்கள்

எக்செலின் உள்ளமைந்த கட்டளைகளுக்கு வேர்டைப் போல விசையை மாற்ற முடியாது. வேண்டிய கட்டளையை விரைவு அணுகல் பட்டையில் சேர்த்தால், அது நிற்கும் வரிசையைப் பொறுத்து ஆல்ட்+1, ஆல்ட்+2 என்று விசை தானாகவே கிடைக்கும். பிறகு பட்டையின் வரிசையைக் கலைத்தால் எண்களும் மாறும். பல செயல்களை ஒரே கட்டளையாகப் பதிந்து வைக்கும் மேக்ரோவுக்கு விசை கொடுப்பது இன்னொரு வழி. ஆனால் மேக்ரோவுக்கு நீங்கள் கொடுக்கும் விசை, அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை அதே விசையில் இருக்கும் இயல்பான கட்டளையை மறைத்துவிடும். கண்ட்ரோல்+எஃப்-ஐ இப்படி மறைத்த கோப்பை மற்றவர்களோடு பகிர்வது அறமாகாது.

அவுட்லுக்கின் முன்னனுப்பும் விசை உங்களை உறுத்துகிறது என்றால், விண்டோஸுக்கான பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள கீபோர்டு மேனேஜர் உதவும். அதில் ஒரு விசைச் சேர்க்கையை இன்னொன்றாக, குறிப்பிட்ட ஒரு செயலிக்குள் மட்டும், மாற்ற முடியும். கண்ட்ரோல்+எஃப் அழுத்தினால் கண்ட்ரோல்+ஈ செல்லும்படி அவுட்லுக்குக்கு மட்டும் அமைத்துவிட்டால், மற்ற மென்பொருள்கள் பாதிக்கப்படுவதில்லை. பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும், பணியிடக் கணினியில் நிறுவ அனுமதி தேவைப்படலாம் என்பதும் இதன் குறைகள்.

உலாவிக்குள் ஓடும் மென்பொருள்களில் இறுதி அதிகாரம் உலாவியிடம் இருக்கிறது. புதிய சாளரம், புதிய தாவல், தாவலை மூடுதல் ஆகியவற்றுக்கான விசைகளைக் குரோம் உலாவி பக்கங்களுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஜிமெயிலில் சாய்கோடு விசை தேடல் பெட்டிக்கு அழைத்துச் செல்லும். ஆனால் அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளை நீங்களே இயக்க வேண்டும். ஒற்றை விசைக் குறுக்குவழிகள் குரலால் தட்டச்சு செய்பவர்களுக்குத் தொல்லையாக முடியும் என்பதால், 2018-இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் 2.1, அவற்றை அணைக்கவோ மாற்றவோ, அல்லது அந்தப் பகுதி தேர்வாகியிருக்கும்போது மட்டும் இயங்கச் செய்யவோ ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது.

படி 7: சோதித்துப் பாருங்கள்

நகல் ஆவணம் ஒன்றில், பல இடங்களில் வரும் ஒரு சொல்லைத் தேடி, புதிய விசைகளால் முன்னும் பின்னும் செல்லுங்கள். ஆங்கில விசைப்பலகையில் ஒரு முறையும், தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும். தட்டச்சுக்கு உதவும் தனி மென்பொருள்கள் சில சேர்க்கைகளைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதுண்டு. தேடல் பெட்டி திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் விசை ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்றும் பாருங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் அதை இயக்கியபடியே சோதிக்க வேண்டும், ஏனெனில் திரைவாசிப்பானின் சொந்த விசைகளே முந்திக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விசைகளுக்கு மேல் மாற்றாமல், கை பழகிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்தும் ஒரு விசையை யோசித்து அழுத்த வேண்டியிருந்தால், அந்தத் தேர்வு உங்களுக்குப் பொருந்தவில்லை. அதை நீக்கிவிடுவதில் தவறில்லை.

படி 8: அமைப்பைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

லிப்ரே ஆஃபீஸின் கீபோர்டு தாவலில் உள்ள சேவ் பொத்தான் உங்கள் விசை அமைப்பை ஒரு கோப்பாகச் சேமிக்கும். புதிய கணினியில் லோட் மூலம் அதை ஏற்றிக்கொள்ளலாம். வேர்டில் விசைகள் நார்மல் வார்ப்புருக் கோப்பில் இருப்பதால், அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்தாலே போதும். கணினியை மாற்றும்போது பலர் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் ஒதுக்கிய விசைகளின் பட்டியலையும் வேர்டே அச்சிட்டுத் தரும். ஃபைல் பட்டியில் பிரின்ட் சென்று, எல்லாப் பக்கங்களையும் அச்சிடு என்ற தேர்வுப் பெட்டியை விரித்தால், ஆவணத் தகவல்களுக்குக் கீழே கீ அசைன்மென்ட்ஸ் என்ற வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அச்சிட்ட தாளை, உங்கள் கணினியை இன்னொருவரும் பயன்படுத்துவாரானால், திரையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். எஃப்3 ஏன் தானியங்கு உரையைச் செருகவில்லை என்று அவர் உங்களைத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்காது.